கை நனைக்கும் நேரம்

...கேசரியில் முந்திரி குறைவாம், சொல்கிறாள், இரண்டாவது தட்டையும் வழித்துத் தின்றுவிட்டுச் சொல்கிறாள், சொல்லட்டும், மங்களம் சிரித்தாள், "அடுத்த தடவை நெறையப் போட்டுருவோம்க்கா" என்றாள், குரலில் ஒரு பிசிறு இல்லை... அடுத்த தடவையாம்! பெண் பார்க்க வந்த வீட்டில் முந்திரி எண்ணுகிற ஜென்மத்துக்கு அடுத்த தடவை ஒரு கேடா? ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியாது, அதுதான் மங்களம், இந்த ஓவன் ரோட்டு மாடிவீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மங்களமா, வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதே அந்த அம்மாளுக்கு என்று. தெரியாதாமே! உள்ளே அவள் கடித்துத் துப்பியவர்களை வரிசையாகப் படுக்கவைத்தால் ஃபேரர் பார்க் மைதானம் போதாது, செத்துப்போன மாமியாரில் தொடங்கி, கீழ்வீட்டுக்காரி, தேக்கா மார்க்கெட்டில் அழுகின தக்காளியை அடியில் தள்ளிவிடுகிற கடைக்காரன், கட்டின புருஷன்வரை... இன்றைக்கு இந்த முத்தாயி, மாப்பிள்ளையைப் பெற்றவள். பொத்தோங் பாசிரில் மாட்டுக்கொட்டகை, பால் வியாபாரம், முழங்கை வரைக்கும் வளையல். சுவரில் மாட்டிய ரீடிஃபியூஷன் ரேடியோப் பெட்டிக்கு நேர் கீழே, இந்த வீட்டில் இருக்கிற ஒரே நல்ல பிரம்பு நாற்காலியில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் புருஷன் முத்துசாமி, பாவம், பெஞ்சின் நுனியில், எப்போது எழுந்திருக்கச் சொல்வாளோ என்பதுபோல. அதற்கும் பக்கத்தில் பையன் சுந்தரம், துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று போதாதோ?

இவர்களுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, சேதுபதி, மங்களத்தின் புருஷன், முனிசிபாலிட்டியில் தலைமைக் கிராணி, ஆபீசில் அவர் வந்தால் எல்லாரும் எழுந்திருப்பார்களாம், அவர்தான் சொல்வார், இங்கே பால்காரர் இருமினால் இவர் தண்ணீருக்கு ஓடுகிறார். பெண்ணைப் பெற்றவராம். பெண்ணைப் பெற்றால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா? இரண்டு வருஷமாக இதேதான். முதலில் ஜொகூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, கேசரி தின்றது, காப்பி குடித்தது, எழுதுகிறோம் என்று போனது. அப்புறம் செம்பவாங்கிலிருந்து ஒன்று, பஜ்ஜியைப் பொட்டலம்கூடக் கட்டிக்கொண்டு போனது, அதுவும் எழுதவில்லை. இந்தத் தை வந்தால் பெண் கோமளாவுக்கு இருபத்தாறு. இதுவும் தட்டிப்போனால் அப்புறம் ரெண்டாந்தாரமாகக் கேட்டுத்தான் வருவார்கள், கீழ்வீட்டுக்காரி இப்போதே அப்படி ஒன்றை மெல்ல அவிழ்த்துப் பார்த்தாள், "ஒரே ஒரு புள்ளதாங்க்கா, அதுவும் பெரிய புள்ள" என்று. மங்களம் அவளிடமும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, நீ நாசமாய்ப் போக என்று சுவரிடம் சொல்லிவிட்டு அரிசி களைந்தாள். சுவர் யாரிடமும் போய்ச் சொல்லாது.

சற்று முன் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கோமளா வந்து நமஸ்காரம் பண்ணினாள், தட்டு கொடுத்தாள், உட்கார்ந்தாள், எல்லாம் முறைப்படி. நடந்து காட்டு என்றாள் முத்தாயி, நடந்தாள். பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள், சவுரி வைத்திருக்கிறதா என்று, சொந்த முடிதான், வலித்திருக்கும், கோமளா அசையவில்லை. அப்புறம் அந்த மகராசி என்ன பண்ணினாள் தெரியுமா, தன் முந்தானையை எடுத்து, நுனியைத் தண்ணீர் டம்ளரில் நனைத்து, என் பெண்ணின் கன்னத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்தாள், தேய்த்து, முந்தானையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள், பவுடர் ஒட்டியிருக்கிறதா என்று! "மாநிறம்னாங்க. இது அதுக்குங் கொஞ்சம் கீழதான்" என்றாள், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற தோரணையில். அவளைச் சொல்லி என்ன, வேறு எதைப் பார்த்துப் பழகினாள். சேதுபதி ஹெஹ்ஹே என்றார். பையன் பேனாவைத் தடவினான். அந்தக் கணத்தில் கோமளா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள், ஒரு தடவை, ஒரே தடவை, கன்னத்தில் அந்த ஈரம் அப்படியே இருந்தது, மங்களம் கண்ணாலேயே, பொறு, என்றாள். கோமளா திரும்பிக்கொண்டாள். முகம் மழமழவென்று ஆகிவிட்டது, ஒன்றும் எழுதாத பலகை மாதிரி. அடடா, என் வளர்ப்பு என்று மங்களத்துக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. வேறு வீட்டுப் பெண் என்றால் அழுதிருக்கும், இல்லை தட்டை விசிறியிருக்கும்.

தட்டை விசிறுவது என்ன பெரிய காரியமா? மாமியார் விசிறாத தட்டா? கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டு மாடியில், பலகை அடைத்த ஒற்றை அறையில், திரைக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் இவளும் அவரும், அந்தக் காலத்தில் ரசம் கொதி தாங்கவில்லை என்று ஈயச் சொம்போடு விட்டெறிவாள் கிழவி, இவள் குனிந்து, துடைத்து, மறுபடி ரசம் வைப்பாள். முதலில் எல்லாம் பதிலுக்குப் பேசிவிடுவோமோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். அப்புறம் ஒருநாள், எச்சில் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பளிச்சென்று ஒன்று விளங்கியது. கோபம் என்பது சரிசமமானவர்கள்மேல் படவேண்டியது, தெருவில் நாய் குரைத்தால் நாமும் உட்கார்ந்து குரைப்போமா என்ன? கிழவி நாய். அவ்வளவுதான். நினைத்த மாத்திரத்தில் பல்லிடுக்கிலிருந்து நாக்கு விடுபட்டது, நிமிர்ந்து, "கொஞ்சம் ஆறட்டும் அத்தே, இன்னொரு தடவை வைக்கிறேன்" என்றாள், அந்தக் குரல், இன்றைக்கும் இருக்கிற இதே குரல், அன்றைக்குப் பிறந்ததுதான். ஊர் அதற்குப் பொறுமை என்று பேர் வைத்தது. நிறைகுடம் என்றது. பொறுத்தார் பூமியாள்வார், பொங்கினார் காடாள்வார் என்று கோயிலில் யாரோ அவளைக் காட்டித் தன் மருமகளுக்குப் புத்தி சொன்னார்கள். ஆள்கிறாள்தான், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் பின்பக்கத்தில் துணி காயப்போட நாலு மூங்கில் கழியும்.

நாலரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று வந்தபோதே சொன்னார்கள். கிளம்பினார்களா? முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவே நேரம் போதவில்லை, நிமிர்ந்து பார்த்தால் மணி தாண்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் பெண் பார்த்த வீட்டுப் படியிறங்கினால் எது விளங்கும், சரி ஆறு மணிக்குப் போவோம் என்று முத்தாயி மறுபடி சாய்ந்துகொண்டாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வானம் உடைந்துகொண்டது. கார்த்திகை மழை, சும்மாவா, சன்னலுக்கு வெளியே மைதானமே தெரியவில்லை, கால்வாய் ரோட்டோடு சேர்ந்துவிட்டது. ஆறுக்குப் பையன் குடை எடுத்துக்கொண்டு டாக்சி பிடிக்க இறங்கினான், தொடைவரை நனைந்து திரும்பி வந்தான். "எந்த டாக்சியும் வரமாட்டேங்கறான் லா. பொத்தோங் பாசிர் முழுக்க பஞ்சிராம், வெள்ளக்காடு, இடுப்பு மட்டும் தண்ணியாம்" என்றான். ஐயோ மாடு என்றாள் முத்தாயி. பெற்ற பிள்ளை நனைந்து நிற்கிறான், அவனுக்கு ஒரு துண்டு கொடுக்கத் தோன்றவில்லை, மாடாம்! துண்டை மங்களம்தான் கொடுத்தாள். கொட்டகைக்காரன் மாட்டை மேட்டில் ஏற்றியிருப்பான் என்று முத்துசாமி முணுமுணுத்தார், நீங்க சும்மா இருங்க என்று அடக்கிவிட்டாள்.

சமையல்கட்டில் எல்லாம் தயாராக மூடியிருந்தது. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், மூன்று பொரியல், தேக்காவிலிருந்து காலையிலேயே வாங்கிவந்த வாழையிலைகூட. பெண் பார்க்க வருகிறவர்கள் சாப்பிடமாட்டார்கள், அது தெரியும், பலகாரம், காப்பி, தண்ணீர், அதோடு சரி, சோற்றில் கை வைத்தால் பெண்ணை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம், கை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. தெரிந்தும் ஏன் சமைத்தாள்? ஜொகூர்க்காரர்கள் வந்தபோதும் சமைத்தாள், செம்பவாங்குக்கும் சமைத்தாள், இரண்டு தடவையும் மறுநாள் வரைக்கும் வீட்டில் மூன்று பேருமே அதைச் சுடவைத்துச் சுடவைத்துத் தின்றார்கள். இந்தத் தடவை கோமளா காலையில் காய் நறுக்கிக்கொடுக்கும்போது, "கொஞ்சமா வைங்கம்மா, திங்கக்கிழமை எனக்கு ஸ்கூல்ல வேலை இருக்கு, சூடு பண்ண நேரம் இருக்காது" என்றாள். கிண்டலா? இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லையே.

அந்தப் பள்ளிக்கூடம்... நாலாம் வகுப்புக்கு டீச்சர். ஆசிரியர் பயிற்சிக்கு அவள் மாலை மாலையாக அலைந்து, பஸ்ஸில் தூங்கிவழிந்து, ஒருவழியாக வேலை கிடைத்து முதல்நாள் போய்வந்த அன்றைக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, நான் உள்ள போனதும் அத்தனை புள்ளைங்களும் எழுந்து நிக்குதுங்க லா, எனக்கு!" என்று சிரித்தாளே, கையெல்லாம் சாக்குக்கட்டித் தூள். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று? இருக்கட்டும், வயது ஏறினால் எல்லாரும் அடங்குவார்கள்.

ஏழு மணிக்கு முத்துசாமிக்குக் கை உதற ஆரம்பித்தது. சீனி வியாதி. வேளைக்குச் சோறு விழவில்லையென்றால் சீனி இறங்கி இப்படித்தான் ஆகுமாம், நெற்றியெல்லாம் வேர்வை, மழைக்காற்றில் உட்கார்ந்துகொண்டு வேர்க்கிறது மனுஷனுக்கு. மெல்ல, "ஏதாச்சும் ஒரு வாய்..." என்றார். "இருங்க. கை நனைக்கப்படாது" என்றாள் முத்தாயி. பார்த்தீர்களா கூத்தை, கட்டின புருஷன் கண் செருகுகிறான், இவளுக்குப் பேரம் முக்கியம். மங்களம் சமையல்கட்டுக்குள் போனாள். சர்க்கரை போட்டு அரை டம்ளர் காப்பி கொண்டுவந்து முத்துசாமி கையில் கொடுத்தாள், காப்பிக்குக் கணக்கில்லை, குடிக்கட்டும். மறுபடி உள்ளே போனாள். எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். அப்பளம் பொரித்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, கதவை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு. அப்புறம் சாம்பாருக்கு இன்னொரு தடவை நெய்யில் பெருங்காயம் தாளித்துக் கொட்டினாள், தேவையே இல்லை, கொட்டினாள், அந்த வாசம் கூடத்துக்குப் போய் முத்தாயியின் மூக்கில் ஏறட்டும் என்று. குரல் உயர்த்தினாளா? இல்லை. ஒரு சொல் கடிந்தாளா? இல்லை. ஆனால் பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது இங்கே கேட்டது, எச்சில் விழுங்குகிறாள், விழுங்கடி, நன்றாக விழுங்கு... மங்களத்துக்கு வெகுநாளைக்குப் பிறகு குளிர்ந்தது மனசு.

பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, உறைதயிர் போன்ற குரலில், "அண்ணனுக்கு முடியலியேக்கா, ஒரு வாய் சாப்புடுங்க. ஆபத்துக்குப் பாவமில்ல, இதையெல்லாம் கணக்குல வெச்சுக்க வேணாம்" என்றாள். வேண்டுமென்றேதான் சொன்னாள். கணக்கில்லாமல் தின்று போனாள் என்று ஊர் பேசும், அது முத்தாயிக்குத் தாங்காது, தெரியும். முத்தாயி கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அப்பளத் தட்டைப் பார்த்தாள். "கணக்கில்லாம எப்புடி? நாங்க என்ன ஓசிச்சோத்துக்கா வந்தோம்? சரி, நனைக்கிறோம். பொண்ணு எங்க பொண்ணுன்னே வெச்சுக்குங்க."

விழுந்தது! சேதுபதி கை கூப்பிவிட்டார், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. பாய் விரித்தாயிற்று, இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, கோமளா ஓசையில்லாமல் பொரியல் வைத்துக்கொண்டு போனாள், மங்களம் சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்து அன்னக்கரண்டியால் அள்ளினாள், அள்ளி முத்தாயியின் இலைக்கு மேலே கொண்டுபோனாள். அப்போது முத்தாயி இலைமேல் கையை விரித்துத் தடுத்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேன், பொறவு பேச்சு வரப்படாது. இந்த வாத்திச்சி வேலையெல்லாம் இந்த மாசத்தோட விட்டுறணும். வேலைக்குப் போயி வாயாடக் கத்துக்கிட்டு வர்ற மருமவ நமக்கு எதுக்கு? கொட்டகையில ஆளுங்களுக்குப் பொங்கிப்போட, பால் அளந்து ஊத்த எனக்கு ஒரு கை வேணும்." பையன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பேனா இரண்டும் அவனோடு சேர்ந்து தலைகுனிந்திருந்தன. "அதுக்கென்ன, அதுக்கென்ன, ஹெஹ்ஹே, அம்மாவ ஒரு வார்த்தை..." என்று சேதுபதி இழுத்தார்.

எல்லாரும் மங்களத்தைப் பார்த்தார்கள். கரண்டி அப்படியே நின்றது, ஆவி பறந்தது. இப்போது சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்ல வேண்டும், எழுந்திருங்க, என் பெண்ணைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த கையால் இந்தச் சோற்றைத் தொடக் கூடாது, தண்ணீர் வடிகிறவரை படிக்கட்டில் போய் உட்காருங்கள் என்று, பெற்றவள் கத்த வேண்டிய இடம் இதுதான், தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது... மங்களம் உள்ளே கோபத்தைத் தேடினாள். எங்கே அது? இருந்ததே, கெர்பாவ் ரோட்டில், திரைக்கு இந்தப் பக்கம், நாக்கைக் கடிக்கவைத்ததே, எங்கே வைத்தாள்? தேடத்தேட வந்தது இளக்காரம்தான். இவளா, பால்காரி, இவளிடம் போய் வாயைக் கொடுப்பதா, பிழைக்கத் தெரியாத ஜென்மம், இந்தப் பையன் ஒரு பையன், இந்தப் புருஷன் ஒரு புருஷன், இவர்கள் எல்லாரும் மனுஷர்களா, போகட்டும், கல்யாணம் ஆகட்டும், கோமளாவுக்குச் சொல்லித்தரவா வேண்டும், அவள் என் பெண், சமாளித்துக்கொள்வாள்... நாக்கில் ஒரு சொல் ஏறவில்லை. இளக்காரத்துக்குக் கத்தத் தெரியாது போலும். சிரிக்கத்தான் தெரிந்திருக்கிறது, துடைக்கவும் பரிமாறவும். "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்று யாரோ சொன்னார்கள், அவள் குரல்தான். முத்தாயி கையை எடுத்தாள், சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. ஐந்து விரலும் உள்ளே போயின. நனைந்தாயிற்று.

முத்துசாமி அள்ளி அள்ளி விழுங்கினார், யாரையும் பார்க்கவில்லை. மழை விட்டபாடில்லை. ரசப் பாத்திரத்தோடு கோமளா வந்தாள், முத்தாயியின் இலைக்கு முன்னால் குனிந்தாள். "கொஞ்சம் ரசம் விடட்டுமா அத்தே?" என்றாள்.

மங்களத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரசத்தில் ஒன்றும் இல்லை, அத்தை என்றதிலும் ஒன்றும் இல்லை, அந்தக் குரல்... பிசிறில்லாமல், ஆடாமல், உறைந்து. நிமிர்ந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு, கண்வரைக்கும் போகாமல் உதட்டிலேயே நின்றுவிடுகிற அளவான சிரிப்பு, பார்க்கிறவர்கள் ஆஹா அடக்கம் என்பார்கள், முத்தாயியே சொன்னாள், "பரவால்ல, பொண்ணு அடக்கமாத்தான் இருக்கு". அடி முட்டாளே, அதற்குப் பின்னால் உன்னை என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் தெரியுமா, எனக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லும் தெரியும். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. எப்போது கற்றாள் இதை? இன்றைக்கா, அந்த முந்தானை பட்டபோதா, இல்லை அதற்கும் முன்னாலா, வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த பெண் எந்தக் கிழமையில் இதை எடுத்து மாட்டிக்கொண்டாள்? யார்மேல் முதலில் பழகிப் பார்த்தாள்?

"நீங்களும் உக்காருங்க சம்பந்தி, இனிமே என்ன" என்றாள் முத்தாயி, வாய் நிறையச் சோற்றோடு. வேண்டாமென்று சொல்வதற்குள் கோமளா இன்னொரு இலை கொண்டுவந்து போட்டுவிட்டாள். கரண்டியை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், மென்மையாகத்தான் வாங்கினாள். சோறு வைத்தாள், குழி பறித்துச் சாம்பார் விட்டாள், அப்பளத்தை ஓரத்தில் உடையாமல் வைத்தாள், எல்லாம் இவள் கற்றுக்கொடுத்தபடி. கன்னத்தில் அந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. மங்களம் நிமிர்ந்து, கோமளா, என்று வாயெடுத்தாள். அவளும் பார்த்தாள், சிரித்தாள், அதே சிரிப்பு, முத்தாயிக்குக் கொடுத்தாளே, கூடாமல் குறையாமல் அதே அளவு.

"சாப்புடுங்கம்மா" என்றாள். "ஆறிடும்."